அரை மணிக்கொரு அளவு

இரவு மணி இரண்டு பத்து. விமான நிலையத்தின் பின்பக்கம் வேலியை ஒட்டியே ஒரு சாலை போகும். ஒரு பக்கம் முள்கம்பி, மறுபக்கம் இடுப்பளவு புல். மூன்று கிலோமீட்டருக்கு ஒரு கடை கிடையாது, ஒரு வீடு கிடையாது. பத்து விளக்குக் கம்பம் இருந்தால் மூன்றுதான் எரியும். அந்தச் சாலையில் ஒருவன் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தான்... தனியாக.

யாரோ எவனோ இல்லை. என் ஓரகத்தியின் கூடப்பிறந்த தம்பி. வேலையில் இருக்க வேண்டிய நேரத்தில் தூங்கப் போய்க்கொண்டிருந்தான்.

"சித்தி, இது நெஜமா நடந்ததா?"

ஆரம்பித்துவிட்டாள் என் அக்காவின் பெரிய மகள். நிஜமா பொய்யா என்று கடைசியில் நீயே சொல். கரண்ட் இப்போதைக்கு வராது. எல்லோரும் நெருங்கி உட்காருங்கள். அத்தான், நீங்கள் அந்தச் செல்போன் வெளிச்சத்தை அணையுங்கள், முகத்தில் அடிக்கிறது. ஒன்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், தலைவிரி கோலம், அதெல்லாம் என் கதையில் வராது. அதற்கு மட்டும் பயப்படுகிறவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

நான் விமானம் பழுது பார்க்கிற ஹாங்கரில் பதினாறு வருடமாகக் கருவி ஸ்டோர் பார்க்கிறேன். ஒரு ஸ்பேனர் வெளியே போனாலும் என்னிடம் எழுதிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வராவிட்டால் விமானம் கிளம்பாது. அங்கே யார் எப்படிப்பட்டவன் என்று அவனவன் பெண்டாட்டியைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

விமானத்தின் றெக்கை இருக்கிறதே, அதுதான் அதன் டேங்க். நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது, ஜன்னலோரம் உட்கார்ந்து படம் எடுப்போம். உள்ளே இருப்பது கெரசின் மாதிரி ஒரு எண்ணெய். எங்கேயாவது கசிந்தால் அதை வடித்துவிட்டு, றெக்கைக்கு அடியில் இருக்கிற முட்டை வடிவ மூடியைக் கழற்றி, ஒரு ஆள் உள்ளே போய்ப் பசை பூச வேண்டும். முதலில் கை, அப்புறம் தலை, அப்புறம் ஒரு தோள், அப்புறம் இன்னொரு தோள். உள்ளே போனால் தவழத்தான் முடியும். நான் ஒரே ஒரு தடவை தலையை விட்டுப் பார்த்தேன். சவப்பெட்டியில்கூட அதைவிடத் தாராளமாகப் படுக்கலாம்.

எண்ணெயை வடித்த பிறகும் மூலையில், இடுக்கில் கொஞ்சம் நிற்கும். அது ஆவியாகும். துடைப்பதற்குத் தின்னர் வேறு கொண்டுபோவார்கள், அது அதற்கு மேல். இந்த ஆவியை வெளியேற்ற ஒரு பெரிய மின்விசிறி, அதிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய், டேங்குக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். ஊதினால் போதாது. அரை மணிக்கு ஒரு தடவை ஒரு மீட்டரை உள்ளே நீட்டி அளந்து தாளில் எழுத வேண்டும். மீட்டரில் பூஜ்யத்திலிருந்து நூறு வரை இருக்கும். நூறு என்றால் அந்தக் காற்று தீப்பிடிக்கத் தயார், ஒரு பொறி போதும். பத்துக்குக் கீழே இருந்தால்தான் ஆள் உள்ளே இருக்கலாம். பத்தைத் தாண்டினால் இழுத்து வெளியே போட வேண்டும்.

அப்படி அளக்கிற வேலைதான் என் ஓரகத்தியின் தம்பிக்கு. அதனால் அவனுக்குப் பட்டப்பெயரே மீட்டர். டேங்கின் வாயருகில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியவனும் அவன்தான். உள்ளே இருக்கிறவன் ஒரு குரல் கொடுத்தால் காதில் விழ வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலை. நாய்கூட அதை ஒழுங்காகச் செய்யும்.

புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் மீட்டர் ஒரு வித்தை காட்டுவான். ஒரு வாளியில் விமான எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு, தீக்குச்சியைக் கிழித்து உள்ளே போடுவான். 'ஸ்ஸ்' என்று அணைந்துபோகும்.

"பாத்தியா? தண்ணி மாதிரி. இதுக்குப் போயி பயந்து சாகுறானுங்க."

அவன் காட்டினது பொய் இல்லை. அதுதான் கேடு. குளிர்ந்த எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பற்றாது. பற்றுவது அதன் ஆவி. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆளைத் தின்னும், அதுவும் பகலெல்லாம் வெயிலில் காய்ந்த டேங்க். பச்சைக் குழந்தைக்குச் சொன்னால் புரிகிற விஷயம். வாளியில் குச்சி போடுகிற மேதாவிக்கு எங்கே ஏறும்.

அவன் எழுதுகிற தாள்தான் இன்னும் அழகு. ராத்திரி பத்து மணிக்கு ஷிஃப்ட் ஆரம்பம். பத்தரை, பதினொன்று, பதினொன்றரை என்று விடியற்காலை ஆறு வரை கட்டம் போட்ட தாள். மீட்டர் பத்தேகாலுக்கே ஆறு மணி வரைக்குமான அளவையும் எழுதி முடித்துவிடுவான். நாலு, நாலு, மூணு, நாலு, அஞ்சு, நாலு. ஒரே பேனாவில் எழுதினால் சந்தேகம் வரும் அல்லவா? அதற்காக இரண்டு பேனா வைத்திருந்தான். ஒன்று நீலம், ஒன்று கொஞ்சம் மங்கின நீலம். மாற்றி மாற்றி எழுதுவான். அந்த மூளையில் கால்வாசியை வேலையில் காட்டியிருக்கலாம்.

"யாருக்கும் தெரியாதா?" என்று அத்தான் கேட்கிறார்.

எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். டீ குடிக்கும்போது சிரிப்பதற்கு ஒரு விஷயம், அவ்வளவுதான். அதனால் நான் மட்டும் உத்தமி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்தக் கதைக்கு மூன்று வருடம் முன்னால் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். ஊசி என்று ஒருத்தன் இருந்தான். எந்த ஓட்டையிலும் நுழைந்துவிடுவான் என்பதால் ஊசி. அதிகம் பேச மாட்டான். என்னிடம் வாங்கின கருவியைத் துடைத்துத்தான் திருப்பிக் கொடுப்பான், அந்த ஹாங்கரிலேயே அப்படிக் கொடுக்கிறவன் அவன் ஒருவன்தான். ஒரு ராத்திரி அவன் டேங்குக்குள்ளே. வெளியே மீட்டர். வெளியே என்றால் டேங்குக்கு வெளியே இல்லை, ஹாங்கருக்கே வெளியே, எங்கேயோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு ஒரு சத்தம். பெரிசாக ஒன்றும் இல்லை. காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்ட மாதிரி... டொப். அப்புறம் ஓட்டை வழியாக ஒரே ஒரு தடவை வெளிச்சம். அவ்வளவுதான் ஊசியின் கதை.

பொறி எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு வரை தெரியாது. விசாரணைக்கு வந்தவர்கள் தாளைப் பார்த்தார்கள். மூன்று மணிக்கு: நாலு. மூன்றரைக்கு: நாலு. ஆமாம், மூன்றரைக்கும்தான். ஆள் வெந்து போய் அரை மணி ஆன பிறகும் அளவு நாலு. அது எப்படி என்று ஒருத்தன் கேட்கவில்லை. நாலு இருக்கிற காற்று தீப்பிடிக்காது, அதனால் செத்தவன்தான் ஏதோ பற்றவைத்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். டேங்குக்குள் சிகரெட் பிடித்தானாம். ஊசி... சிகரெட்டைக் கையால் தொடாதவன்.

"நெருப்பில்லாம புகையுமா?" என்று ஆளாளுக்குப் பேசினார்கள். இடம் பொருள் தெரியாத பழமொழி. ஊசியின் பெண்டாட்டி ஒவ்வொரு மேஜையாகப் போய் நின்றாள். "அவருக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க" என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களுடைய பெண் மெக்கானிக் பயிற்சிக்கு மனு போட்டாள். அப்பா பெயரைப் பார்த்ததும் மனுவை மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். வாசலில் அந்தப் பெண் என் கண்ணில் பட்டாள். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டேன்.

"நீங்க ஏன் சித்தி சொல்லல?"

ஏனென்றால் அவன் என் ஓரகத்தியின் தம்பி. ஏனென்றால் என் மாமியார் அப்போது உயிரோடு இருந்தார். ஏனென்றால் நான் கோழை. போதுமா? அதற்கு அப்புறம் சொன்னேன், அது வருகிறது, கேள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது. மீட்டர் பூனையைவிடக் கேவலம். ஒரு மாதம் ஒழுங்காக அளந்தான். இரண்டாவது மாதம் பாதி அளந்தான். மூன்றாவது மாதம் இரண்டு பேனாவும் பழையபடி சட்டைப் பைக்கு வந்துவிட்டன.

இப்போது அந்தச் சாலைக்கு வருவோம். ஐந்து மாதம் முன்னால். இரவு இரண்டு பத்து.

அன்றைக்கு டேங்குக்குள் இருந்தது யார் தெரியுமா? மீட்டரின் சொந்த மச்சினன். பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி, இருபத்திரண்டு வயது. இவனே சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்தவன். தாளைப் பத்தேகாலுக்கே எழுதி முடித்தாகிவிட்டது. "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன்டா" என்று ஓட்டைக்குள் ஒரு குரல் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான். பின்பக்க வாயில் அருகில் ஓய்வறை. கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.

பாதி வழியில் முன்னால் ஒரு ஆள் நடந்து போகிறான். வெள்ளைப் பருத்தி அங்கி, தலையோடு மூடின அங்கி. டேங்குக்குள் போகிறவர்கள் அதைத்தான் போடுவார்கள், பருத்தி என்றால் பொறி வராது. கால் வெறுங்கால். இந்த நேரத்தில் எவன் ஹாங்கரை விட்டு நடந்து வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் போனான். அந்த ஆள் திரும்பவில்லை. நடந்தபடியே கேட்டான்.

"ரெண்டு மணிக்கு எவ்வளவு?"

ஹாங்கரில் நூறு தடவை கேட்கிற கேள்வி. மீட்டரின் வாய் தானாகச் சொன்னது. "நாலு."

"நாலு," என்றான் அந்த ஆள். எழுதிக்கொள்கிறவன் சொல்வது மாதிரி.

தாண்டிப் போய்விட்டான். அப்போதுதான் வாசனை வந்ததாம். விமான எண்ணெய் வாசனை. ஹாங்கரில் வேலை செய்கிறவனுக்கு அது மூக்கிலேயே ஏறாது, பழகிப்போயிருக்கும். அன்றைக்கு ஏறியது. தொண்டை வரைக்கும் ஏறியது. அதோடு கூடக் கொஞ்சம்... தலைமுடி பொசுங்கின வாசனை.

அடுத்த விளக்குக் கம்பம். எரிகிற கம்பம். அதன் அடியில் அதே ஆள், முன்னால், நடந்துகொண்டிருக்கிறான். ஸ்கூட்டரை யாரும் முந்தவில்லை. சாலையில் திருப்பமே கிடையாது.

"ரெண்டரைக்கு எவ்வளவு?"

மணி இன்னும் இரண்டேகால்கூட ஆகவில்லை. அதை யோசிப்பதற்குள் நாக்கு சொல்லிவிட்டது. "நாலு."

"நாலு."

மீட்டர் ஸ்கூட்டரை முறுக்கினான். வண்டி சத்தம் போட்டதே ஒழிய நகர்கிற மாதிரி தெரியவில்லையாம். புல் அசையவில்லை. பூச்சிச் சத்தம் நின்றுபோயிருந்தது. பின்னால் எங்கேயோ... சொட்... சொட்... சொட்... தகரத்தில் எண்ணெய் விழுகிற சத்தம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற வேலையை அவன் என்றைக்குச் செய்தான்?

மூன்றாவது தடவை அந்த ஆள் நடந்துகொண்டிருக்கவில்லை. சாலை நடுவில் இவனைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். வண்டி வெளிச்சம் முகத்தில் விழுந்தது. முகம் இல்லாமல் இல்லை, எல்லாம் இருந்தது. புருவம் மட்டும் இல்லை. இமையில் மயிர் இல்லை. மற்றபடி கருவியைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிற அதே சாதுவான முகம்.

"மூணு மணிக்கு எவ்வளவு?"

வாழ்க்கையில் முதல் தடவையாக மீட்டருக்கு அந்த நாலு வரவில்லை.

ஊசி அப்புறம் கேட்டான். "உள்ள யாரு?"

"என்... மச்சினன்."

ஊசி சாலையை விட்டு ஒரு அடி ஒதுங்கினான். வண்டி திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு.

திரும்பிப் போன மூன்று நிமிடம் தனக்கு ஞாபகமே இல்லை என்பான் மீட்டர். ஹாங்கருக்குள் நுழைந்ததும் அவன் கவனித்தது சத்தம் இல்லாததைத்தான். மின்விசிறி நின்றுபோயிருந்தது. எங்கேயோ ஃபியூஸ் போயிருக்கிறது, எப்போது போனதோ தெரியாது. துதிக்கைக் குழாய் சப்பிப்போய்த் தரையில் கிடக்கிறது. மறுகோடியில் நான்கு பேர் ரேடியோ வைத்துக்கொண்டு சக்கரம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அளக்கிற கருவியை எடுத்து ஓட்டைக்குள் நீட்டினான். வீல் என்று கத்தியது. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. நாற்பத்தாறு. எத்தனையோ மாதம் கழித்து அந்தக் கருவி உண்மையைச் சொன்னது.

அந்த நான்கு பேரும் ஓடி வந்து, பையனின் இரண்டு காலையும் பிடித்து இழுத்துப் போட்டார்கள். பையனுக்கு மூச்சு இருந்தது. முகம் வெளுத்து, கண் செருகி, வாந்தி எடுத்தான். தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்கள். அவன் கேட்ட முதல் வார்த்தை, "உள்ள இன்னொருத்தர் இருந்தாரே, அவரை எடுத்துட்டீங்களா?"

உள்ளே அவனுடைய டார்ச் மங்கிப்போயிருக்கிறது. அது நான் கொடுத்த டார்ச், பொறி வெளியே வராதபடி அடைத்துச் செய்தது. அறிவுகெட்ட பயல், சட்டைக்குள் செல்போனை ஒளித்துக் கொண்டுபோயிருக்கிறான். அதை எடுத்து வெளிச்சம் போடப் பார்த்தானாம். இருட்டில் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது. "வேணாம்" என்று ஒரு குரல், அவ்வளவு மெதுவாக. அப்புறம் அந்தக் கை விடவே இல்லையாம். நான் பார்த்தேன், அந்த மணிக்கட்டில் ஐந்து விரல் கரியாகப் பதிந்திருந்தது. பையன் மறுநாளே வேலையை விட்டுவிட்டான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு மீட்டர் என் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தான். நடுங்கி நடுங்கி அழுதான். சாலையில் நடந்த எல்லாவற்றையும் சொன்னது அப்போதுதான். அந்த ஒரு ராத்திரி அவனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"ஒரு வரி எழுதிக் குடு," என்றேன். "அன்னிக்கி நான் அளக்கல, தாள்ல இருக்கிறது பொய்னு ஒரே ஒரு வரி. செத்தவன் பேர்ல இருக்கிற கறை போகட்டும். உன் மச்சினன் உயிரக் காப்பாத்திக் குடுத்திருக்கான்டா அவன்."

"இன்னிக்கே எழுதிடுறேன்க்கா. சத்தியமா."

எட்டு மணிக்கு மேலதிகாரி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். நம் ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான், "மனசுக்கு என்னமோ சரியில்லன்னு தோணிச்சு சார், உடனே போயி அளந்து பாத்தேன்." அடுத்த வாரம் கூட்டம் போட்டு, கை தட்டி, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். பாதுகாப்பில் முன்மாதிரியாம். வாங்கிக்கொண்டு நெஞ்சில் அணைத்தபடி போட்டோவுக்கு நின்றான். பேயைப் பார்த்தவன் முகம் எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். அந்தப் போட்டோவில் பல் தெரியச் சிரிக்கிறான்.

அன்றைக்குத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. நானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பேனா, பத்தேகால் மணி, எல்லாம். மேலதிகாரி நிதானமாகப் படித்தார். "தாள்ல இருக்கிறது அவர் கையெழுத்தும்மா, உங்க கையெழுத்து இல்லையே. அவர் சொன்னா பாக்கலாம்," என்று திருப்பிக் கொடுத்தார். ஆக அவன் ஒருவன் எழுதினால்தான் உண்டு.

பாராட்டுப் பத்திரம் வாங்கின அன்று ராத்திரிதான் ஆரம்பித்தது. மீட்டரின் பெண்டாட்டி என்னிடம் சொன்னாள். நடுராத்திரி, நல்ல தூக்கத்தில், புருஷன் வாய் திறந்து சொல்கிறான்: "நாலு." அப்புறம் அரை மணி கழித்து, "நாலு." மணியைப் பார்த்தால் ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை. விடிகிற வரைக்கும். காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்பான்.

ஒரு வாரம் நாலு. அப்புறம் ஐந்து. அப்புறம் ஏழு.

டாக்டர் வேலைப்பளு என்று மாத்திரை கொடுத்தார். பதினெட்டு, இருபத்திரண்டு, முப்பது. ஒரு நாள்கூட இறங்கினதே இல்லை. நாற்பதைத் தாண்டினதும் படுக்கையறையில் எண்ணெய் வாசனை. துணியை எல்லாம் துவைத்தாள், மெத்தையை வெயிலில் போட்டாள், போகவில்லை. அறுபதில், அடுப்புப் பற்றவைக்க வேண்டுமென்றால் ஜன்னல் கதவு எல்லாம் திறந்துவிட்டு, பிள்ளையைத் தெருவில் நிறுத்திவிட்டு, அப்புறம்தான் குச்சியைக் கிழிப்பாள்.

எண்பது ஆன அன்று என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். "அக்கா, நூறு வந்தா என்ன ஆகும்?" என்றாள்.

அவளிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. நூறு என்றால் என்ன என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் மறைக்கவில்லை. ஊசியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை அவள். வீட்டுக்குப் போய், தானே உட்கார்ந்து கடிதத்தை எழுதினாள். அன்றைக்கு நான் அளக்கவில்லை, தாளில் எழுதியது பொய், இறந்தவர் மேல் குற்றம் இல்லை. மூன்றே வரி. புருஷன் முன்னால் வைத்து, பேனாவையும் மூடி கழற்றிக் கையில் கொடுத்தாள்.

மீட்டர் கடிதத்தை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். சொன்னான்:

"முழுசாப் படிச்சுப் பாக்காம எப்படிக் கையெழுத்துப் போடுறது? வெச்சிட்டுப் போ, அப்புறம் பாக்கலாம்."

சிரிக்காதீர்கள். அவள் சொன்னபோது எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஒன்பது வருடம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் சொல்கிற சொல்லா அது?

அந்த 'அப்புறம்' இரண்டு வாரம் ஓடியது. தினமும் கடிதம் மேஜை மேல். தினமும் ஒரு சாக்கு. வேலை போய்விடும், ஜெயிலில் போடுவார்கள், செத்தவன் என்ன திரும்பி வரவா போகிறான். வந்தானேடா, சாலையில் நின்றானே, உனக்கு வழிவிட்டு ஒதுங்கினானே என்று அவள் கத்தியிருக்கிறாள். சுவரோடு பேசியிருக்கலாம்.

எண்பத்தேழு. தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு.

போன திங்கட்கிழமை ராத்திரி அவள் வழக்கம்போல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி மூன்று. புருஷன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. மூன்று ஐந்து. ஒன்றும் இல்லை. நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டு தூங்குகிறான். ஐந்து மாதத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கினதே இல்லை. போய்விட்டது, ஏதோ ஒரு தெய்வம் கண் திறந்துவிட்டது என்று நினைத்து அவளும் தலையைச் சாய்த்தாள்.

மூன்றரைக்கு எண் கேட்டது. கட்டிலிலிருந்து இல்லை. கீழே பாயிலிருந்து.

அவர்களுடைய பெண் பிள்ளை. நான்கு வயது. ஒருக்களித்துப் படுத்து, கட்டைவிரலை வாயில் வைத்துத் தூங்குகிற பிள்ளை. விரலை எடுத்துவிட்டு, தெளிவாக, மழலையே இல்லாமல் சொன்னது. "தொண்ணூத்தி மூணு." சொல்லிவிட்டு விரலைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டது.

காலையில் அவள் புருஷனை உலுக்கி எழுப்பி விஷயத்தைச் சொன்னாள். அவன் சோம்பல் முறித்தான். உடம்பு லேசாக இருக்கிறது என்றான். மேஜை மேலிருந்த கடிதத்தை எடுத்து நான்காக மடித்தான்.

"அதான் எனக்குச் சரியாப் போச்சே. இனி இது எதுக்கு?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். வீடு மாறினால் நிற்கும் என்று நினைத்தாள். நேற்று சாயங்காலம் அங்கே போயிருந்தேன். பிள்ளை என் மடியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த எண்களை எனக்கு ஒப்பித்துக் காட்டியது. இருபது வரைக்கும்தான் தெரியும். பதினெட்டுக்கு அப்புறம் ஒரு தடவை தடுமாறி, மறுபடி முதலிலிருந்து சொன்னது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டேன்.

புருவம் பாதி உதிர்ந்திருந்தது. இன்றைக்கு விடியற்காலை அவள் போன் செய்தாள். தொண்ணூற்றாறு.